ஜட்ஜின் கன்னத்துப் பஞ்சு

மார்ச் 4

நாய்கள் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகள் பிரிக்கும் பிரிவுக்கு,

உறையைப் பிரிக்கப்போவது நீங்கள்தான் என்று தெரியும். எனக்கு இருப்பது ஒரே ஒரு நாத்தனார். அவர் வேலை பார்ப்பதும் அந்த ஒரு பிரிவில்தான். வேறு இடம் இருந்தால் அங்கே அனுப்பியிருப்பேன். இந்தத் தோல் நோய்க்கு மரபணுச் சோதனை உங்களிடம் மட்டும்தான் என்று கால்நடை டாக்டரம்மா விசாரித்துச் சொன்னார். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் படிவத்தில் 'குறிப்பு' என்று தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் இருக்கிறது. என் குறிப்பு அதில் அடங்காது. அதனால்தான் இந்தத் தனித்தாள்.

மூன்று பஞ்சுக்குச்சிகள் வைத்திருக்கிறேன். ஒன்று ஜட்ஜ், ஆண், ஒன்பது வயது. இன்னொன்று சிட்டு, பெண், ஆறு வயது. மூன்றாவது, சிட்டு போட்ட ஏழு குட்டிகளில் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்ட பெண் குட்டி. அதற்குப் பெயர் வைக்க மனம் வரவில்லை. மிச்சம் என்று கூப்பிடுகிறேன், வருகிறது.

உங்கள் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் போன பிறகு பிறந்த அந்த ஏழில் மூன்றுக்கு, ஏழாம் மாதத்தில் மூக்கிலும் காதிலும் செதில் செதிலாக உரிந்தது. முடி கொட்டியது. தொட்டால் கத்தின. உடம்பே தன் தோலைப் பகையாளி என்று நினைத்துக்கொண்டு தின்கிற நோய் என்றார் டாக்டரம்மா. இரண்டு செத்துவிட்டன. ஒன்று இன்னும் மாத்திரையில் ஓடுகிறது. குட்டி வாங்கிய ஆறு பேரும் நியாயம் கேட்டு வந்து அன்று என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எழுந்து நின்று, "இது எங்க அண்ணன் வளர்த்த பரம்பரையிலயே இருக்கற கோளாறுங்க. ஜட்ஜ் கொண்டு வந்ததா இருக்கும். இனிமே இங்க யாரும் குட்டி எடுக்காதீங்க" என்றீர்கள். சொந்தத் தங்கை சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? அதற்குப் பிறகு இந்தக் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவரும் வரவில்லை.

ஜட்ஜை அவர் ஒன்றரை வருஷம் அலைந்து வெளியிலிருந்து தேடிக் கொண்டு வந்தார். அவன் அந்த நோயைச் சுமப்பவன் என்று உங்கள் எந்திரம் சொன்னால், கூண்டுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால், அன்று சொன்னதை அதே ஆறு பேரிடமும் நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து "ஏய் சின்னவளே" என்றுதான் கூப்பிட்டீர்கள். நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

முதலில் வேலை விஷயம். ஜட்ஜின் குச்சியும் மிச்சத்தின் குச்சியும் நன்றாக இருக்கின்றன. சிட்டுவின் குச்சியில் சிட்டுவை விடச் சோறு அதிகம். தின்று ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வாயைக் கழுவிவிட்டு, கன்னத்தின் உட்புறம் பஞ்சை வைத்து முப்பது எண்ணும் வரை உருட்டுங்கள். காற்றில் காயவைத்து, காகித உறையில் போட்டு அனுப்புங்கள். மூன்றையும் சேர்த்தே எந்திரத்தில் ஓட்டுகிறேன்.

முடிவு மூன்று விதமாக வரும். ஒவ்வொரு நாய்க்கும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டும் நல்லதானால் 'கிளியர்'. ஒன்று பழுதானால் 'கேரியர்', அதாவது சுமப்பது. கேரியருக்கு நோய் வராது, குட்டிக்குக் கொடுக்க மட்டும் செய்யும். இரண்டும் பழுதானால்தான் நோய். போன வாரம் ஒருவர் போன் செய்து, "கேரியர்னு போட்டிருக்கீங்களே, எங்க நாய் எதையும் தூக்கிட்டுப் போறதில்லையே மேடம்" என்றார். அண்ணன் இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்பார். எனக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் இப்போது ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறேன். பகலெல்லாம் மிஷின் சத்தம் தரையைத் துளைத்துக்கொண்டு வரும். ஆறு மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு இந்த அறையில் அசைவது நானும், அண்ணன் எனக்குக் கொடுத்த நாய் வாலுவும்தான். அவனும் இப்போது முன்புபோல் வால்தனம் பண்ணுவதில்லை.

முடிவு வரும்வரை கூண்டைத் தொடாதீர்கள் அண்ணி. கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சின்னவள்


மார்ச் 19

சிட்டுவுக்கு மறுபடி பஞ்சு எடுத்து அனுப்பியிருக்கிறேன். முப்பது எண்ணச் சொன்னீர்கள். பதினெட்டில் என் விரலைக் கடித்தாள். முதலிலிருந்து எண்ணினேன்.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜட்ஜுக்குக் காது மந்தமாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, தரையை மிதித்தால் திரும்புகிறான். மூன்று நாய்க்கும் ஒரு மனுஷிக்கும் சமைக்கிறேன். நாய்கள் முடித்துவிடுகின்றன, மனுஷிதான் மிச்சம் வைக்கிறாள். தபால் பெட்டியில் போட இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனபோதுதான் கவனித்தேன், நான் தெருமுனை தாண்டி ஒன்பது நாளாகிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்திலேயே கிடந்த பத்து நாளும் நீங்கள் லீவு போட்டு, உங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வந்து, இந்தக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டீர்கள். அவர் சொன்ன தேதியில் சிட்டுவை ஜட்ஜோடு சேர்த்தீர்கள். காலண்டரில் நீங்கள் போட்ட வட்டம் இன்னும் சுவரில் இருக்கிறது. அந்த ஜோடி அவர் கடைசியாக நினைத்துச் செய்த காரியம். அதை நடத்திக் கொடுத்ததற்கு மட்டும் நன்றி. மற்றதற்கு இல்லை.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

முடிவு வந்துவிட்டது. முத்திரை வைத்த தாள் தனியாக வரும்.

ஜட்ஜ்: கிளியர்.
சிட்டு: கேரியர்.
மிச்சம்: கேரியர். அவளுக்கு இந்த நோய் வராது, பயப்பட வேண்டாம்.

ஜட்ஜிடம் எந்தப் பழுதும் இல்லை. நான் அன்று சொன்னது தப்பு. இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. இன்று முடியவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 13

நாத்தனாருக்கு,

தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் நின்று, ஜட்ஜைப் பார்த்து, "டேய், நீ நிரபராதிடா" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது சரியா வரலையேம்மா. அப்பா கிளியர்னா, அம்மா கேரியரா இருந்தாலும் குட்டிக்கு நோய் வராது. மூணு குட்டிக்கு வந்திருக்கே?" என்றார். நீங்கள் முன்னால் எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். அதுவும் அதையேதான் சொல்கிறது. இரண்டு பக்கமும் பழுது வேண்டும்.

அப்படியானால் உங்கள் எந்திரம் தப்பா? குச்சிகள் மாறிவிட்டனவா? இல்லை, பாவம் என்று எனக்காக ஜட்ஜை நல்லவனாக்கி அனுப்பினீர்களா? அப்படி ஒரு தயவு எனக்குத் தேவையில்லை. உண்மை எதுவோ அதை எழுதுங்கள். 'இன்று முடியவில்லை' என்று எழுதி ஒரு வாரம் ஆகிறது.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

எந்திரம் தப்பில்லை. குச்சியும் மாறவில்லை. நான்தான் தப்பு.

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சிட்டு பருவத்துக்கு வந்த பதினோராம் நாளும் பதிமூன்றாம் நாளும் அவளை ஜட்ஜோடு விடு. வாலுவைப் பின்னறையில் அடைத்து வை, சிட்டுவும் அவனும் ஒரே தாய் வயிறு. 'ஒரே தாய் வயிறு' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அவருக்கு மரபணுவும் தெரியாது, என் எந்திரமும் தெரியாது. சொந்தத்துக்குள் சேர்த்தால் எங்கேயோ இடிக்கும் என்பது மட்டும் தெரியும். அதற்காகத்தான் ஜட்ஜை வெளியிலிருந்து தேடிப் பிடித்தார்.

பதினோராம் நாள் காலை நீங்கள் போன் செய்தீர்கள். "மூச்சு வாங்குது, உன்னைப் பாக்கணுங்கறார், உடனே வா" என்றீர்கள். பின்னறைக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ் விழும். நான் இழுத்துச் சாத்திவிட்டு ஓடினேன். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தபோது முற்றத்தில் வாலுவும் சிட்டுவும் பிணைந்து நின்றார்கள். பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

பதிமூன்றாம் நாள் ஜட்ஜை விட்டேன். சிட்டு உறுமினாள். அவன் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் கெஞ்சினேன். நடக்கவில்லை. அப்போதுதான் உங்கள் போன் வந்தது. "சேத்தாச்சா? இவர் கேட்டுட்டே இருக்கார்" என்றீர்கள். நான் "ஆச்சு அண்ணி" என்றேன். யாரோடு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையில் பொய் எங்கே இருக்கிறது என்று இத்தனை நாளும் என்னோடு நானே வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டு காலண்டரில் வட்டம் போட்டேன். அதில் வாதாட ஒன்றுமில்லை.

குட்டிகளுக்கு நோய் வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன். ஜட்ஜுக்கும் பழுது இருக்கலாம், ஒருவேளை கடைசியில் ஜட்ஜும் சேர்ந்திருக்கலாம், நான் பார்க்காத நேரத்தில் ஏதோ நடந்திருக்கலாம் என்று. கூடத்தில் எழுந்து நின்று 'பரம்பரைக் கோளாறு' என்று சொன்னது ஏன் தெரியுமா? பரம்பரை என்று சொல்லிவிட்டால் தகப்பன் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள அண்ணன் பெயரைக் கொடுத்தேன்.

ஆயிரக்கணக்கான நாய்களின் பஞ்சு என் கை வழியாகப் போயிருக்கிறது. என் நாயின் வாயைத் திறக்க மட்டும் இரண்டு வருஷம் துணிச்சல் வரவில்லை. ஜட்ஜ் கிளியர் என்று வந்த அன்றுதான் வாலுவின் கன்னத்தில் பஞ்சை வைத்தேன். முந்தாநாள் முடிவு வந்தது. கேரியர்.

நான் அவர் சொன்னபடி செய்திருந்தால் ஒரு குட்டிக்கும் நோய் வந்திருக்காது. அண்ணன் தேர்ந்தெடுத்தது சரி. நூற்றுக்கு நூறு சரி.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

சின்னவள்


ஏப்ரல் 27

அடிப்பாவி,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த "ஆச்சு"வில் வந்து நின்றுவிடுகிறேன்.

அதை அவர் காதில் கொண்டு போய்ச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். உன் போனை வைத்துவிட்டு, அவர் காதோரம் குனிந்து, "சேத்தாச்சாம்" என்றேன். அதுவரை கண்ணை மூடிக்கிடந்தவர் திறந்தார். சிரித்தார். "எத்தனை குட்டி போடும்?" என்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. அதற்கப்புறம் இரண்டு நாள் இருந்தார், பேசவில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் இதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். வீட்டில் பேச்சுத் துணை இல்லாத நேரமெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். கடைசி நிமிஷம் வரை அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்ததே என்று. இப்போது நீ வந்து, அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்கிறாய்.

செத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்ன பொய்யை என்னால் பொறுக்க முடியும். உன் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கதவு சரியாகச் சாத்தாததையும் பொறுக்கிறேன், உன்னை அவசரப்படுத்திக் கூப்பிட்டது நான்தானே. ஆனால் கூடத்தில் எழுந்து நின்று சொன்னாயே, அதை என்னால் பொறுக்க முடியாது. பத்து மாசம் யோசிக்க நேரம் இருந்தது உனக்கு. நான் ஒரு ஆள், தனி ஆள், உன்னைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். அத்தனை பேர் முன்னால் என் பக்கத்தில் நிற்பாய் என்று நினைத்தேன். நீ எனக்கு எதிரே நின்றாய்.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. ஆறு வீட்டுக்கும் எழுது. உன் பெயர் போட்டு, உன் நாய் பெயர் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுது. எழுதிவிட்டு எனக்குச் சொல்.


மே 18

அண்ணிக்கு,

ஆறு பேருக்கும் எழுதிவிட்டேன். தட்டச்சு செய்தால் பரிசோதனைக் கூடத்துத் தாள் மாதிரி இருக்கும் என்று கையால் எழுதினேன். அவர்களின் நாய்களுக்குச் செலவில்லாமல் சோதனை செய்து தருவதாகவும், கேரியராக இருந்தால் அதே மாதிரி இன்னொரு கேரியரோடு மட்டும் சேர்க்க வேண்டாம் என்றும் எழுதினேன். எங்கள் மேலதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். சொந்த நாய் சம்பந்தப்பட்ட மாதிரியை நானே ஓட்டியிருக்கக் கூடாது என்று எச்சரிக்கை கொடுத்தார். உங்கள் மூன்று குச்சிகளையும் வேறொருவர் மறுபடி ஓட்டினார். அதே முடிவுதான்.

ஆறு பேரில் தச்சரும் மருந்துக்கடைக்காரரும் பஞ்சு அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரையில் இருக்கும் நாயை வளர்க்கிற ஓவிய டீச்சர், 'படித்தேன்' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார். பஸ் டிரைவர் போன் செய்தார். "அப்ப என் நாய் செத்தது யாராலங்க?" என்றார். "என்னாலங்க" என்றேன். வைத்துவிட்டார். மற்ற இருவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் வாலு ஓடி வருகிறான். அவனைத் தடவிக் கொடுக்கிறேன். அவன் என்ன செய்வான், பாவம்.

அண்ணி, ஒரு தடவை வரட்டுமா? வாலுவை இங்கே யாரிடமாவது விட்டுவிட்டு வருகிறேன். ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சின்னவள்


மே 25

சின்னவளே,

வராதே.

கோபத்தில் சொல்லவில்லை. நீ வாசலில் வந்து நின்றால் உன்னை அடிப்பேன், இல்லை கட்டிக்கொண்டு அழுவேன். எது செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் இப்போது தெம்பில்லை.

டிரைவர் இங்கே வந்திருந்தார். உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கூண்டு முன்னால் நின்று ஜட்ஜைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது, "சார் சரியாத்தான் பாத்து வச்சிருந்திருக்கார்" என்றார். உள்ளே வந்து அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

கூண்டுகளைக் கழற்றவில்லை. டாக்டரம்மா ஒன்று சொன்னார். மிச்சம் ஜட்ஜின் மகள் இல்லை என்றால் அவளை அவனோடு சேர்க்கத் தடையில்லையாம். கேரியர் குட்டி வரலாம், நோய்க் குட்டி வராது. ஜட்ஜுக்கு வயதாகிறது, ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்றார். பிறந்தால் ஒவ்வொன்றுக்கும் பஞ்சு அனுப்புவேன், சோறு இல்லாமல். அவர் நினைத்தது ஒரு தலைமுறை தள்ளியாவது நடக்கட்டும். நடக்கவில்லை என்றால் போகட்டும். பக்கத்தில் நான் நிற்பேன், இந்த முறை எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டேன்.

வராதே என்றேன். எழுதாதே என்று சொல்லவில்லை. மார்ச்சிலிருந்து இந்த வீட்டில் நான் வாயைத் திறந்து பேசிய நாட்கள் எவை என்று யோசித்துப் பார்த்தேன். உன் கடிதம் வந்த நாட்கள்தான். அடுப்பங்கரையில் நின்று தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டுவேன், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். தொண்டை கட்டிவிடும். அன்று ராத்திரி தூக்கம் வரும்.

எனக்குத் திட்டவும் வேறு ஆளில்லை. வாரம் ஒன்று எழுது.

அண்ணி